துண்டு துண்டாக இருக்கும் ஐஎஸ்ஓ கோப்பைச் சேர்த்து டிவிடியில் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஹார்ட்டிஸ்கில் கிடக்கும் கல்யாண வீடியோவை மீட்க நினைப்பவர்கள், பழைய கணினியில் லினக்ஸ் போட விரும்புபவர்கள், கல்லூரி நாட்களில் இறக்கிவைத்த மென்பொருளைத் தேடுபவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான சிக்கல் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது: கோப்பு எப்படி வெட்டப்பட்டது என்று பார்க்காமலேயே ஒட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அவசரத்தில் இருப்பவர்கள்கூட 3வது கேள்வியைப் படிக்காமல் விட வேண்டாம். கட்டளைகளையும் எக்ஸ்டென்ஷன்களையும் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

1. ஐஎஸ்ஓ ஃபைல் என்றால் என்ன? அதை ஏன் துண்டு போட்டு வைத்திருக்கிறார்கள்?

ஒரு சிடியிலோ டிவிடியிலோ இருக்கும் எல்லாவற்றையும், ஃபோல்டர் அமைப்பும் பூட் ஆகும் (கணினியைத் தொடங்கிவைக்கும்) பகுதியும் உட்பட, முதல் செக்டரிலிருந்து (டிஸ்கில் டேட்டா பதியும் சிறு கட்டம்) கடைசி செக்டர் வரை ஒரே கோப்பாக எடுத்துவைத்தால் அது டிஸ்க் இமேஜ். 1988இல் வந்த ஐஎஸ்ஓ 9660 என்ற தரத்திலிருந்துதான் .ஐஎஸ்ஓ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

துண்டு போட்டதற்குப் பல காரணங்கள் உண்டு. ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவ் 4,294,967,295 பைட்டுக்கு மேல், அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவான அளவுக்கு மேல், ஒரே கோப்பை ஏற்காது. நிறைந்த டிவிடி ஒன்றின் இமேஜ் அதைத் தாண்டிவிடும். கோப்புப் பகிர்வுத் தளங்கள் 100 எம்பி, 200 எம்பி என்று வரம்பு வைத்திருந்தன. மெதுவான இணைப்பில் டவுன்லோடு அறுந்துபோனால் ஒரு துண்டை மட்டும் மறுபடி இறக்கினால் போதும் என்பதும் அன்றைக்குப் பெரிய வசதி.

2. ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு டிவிடியில் ரைட் பண்ணினால் வேலை செய்யாதா?

செய்யாது. டிஸ்கில் எந்தக் கோப்பு எந்த செக்டரில் இருக்கிறது என்ற பட்டியல் பெரும்பாலும் இமேஜின் தொடக்கத்தில் இருக்கும். முதல் துண்டை எழுதினால் பட்டியல் இருக்கும், பொருள் பாதிதான் இருக்கும். மற்ற துண்டுகளை எழுதினால் பிளேயருக்கு அது காலி டிஸ்க் மாதிரிதான். முதலில் சேர்க்க வேண்டும், பிறகு சரிபார்க்க வேண்டும், அப்புறம்தான் எழுத வேண்டும்.

3. என்னிடம் இருப்பது எந்த மாதிரித் துண்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயரைப் பாருங்கள். .001, .002, .003 என்று முடிந்தால் பெரும்பாலும் கோப்பை அப்படியே கத்தரித்த துண்டுகள். ஹெச்ஜேஸ்பிளிட் போன்ற கருவிகள் இப்படித்தான் செய்யும். துண்டுக்குள் வேறு எதையும் சேர்க்காது. லினக்ஸின் ஸ்பிளிட் கட்டளையும் இதே வகைதான், ஆனால் அது ஏஏ, ஏபி, ஏசி என்று எழுத்துகளால் பெயர் வைக்கும். .7இசட்.001 என்று இருந்தால் கவனம்: அதுவும் வெறும் கத்தரிப்புதான், ஆனால் கத்தரிக்கப்பட்டது ஐஎஸ்ஓ அல்ல, சுருக்கப்பட்ட 7-ஜிப் கோப்பு. சேர்த்த பிறகு அதை விரிக்கவும் வேண்டும்.

.பார்ட்1.ரார், .பார்ட்2.ரார் என்றோ, பழைய வழக்கப்படி .ரார், .ஆர்00, .ஆர்01 என்றோ இருந்தால் அது வின்ரார் வகை. இங்கே ஒவ்வொரு துண்டுக்கும் தனித் தலைப்பகுதி உண்டு. அதனால் நேராக ஒட்டினால் ஐஎஸ்ஓ வராது, எக்ஸ்ட்ராக்ட்தான் செய்ய வேண்டும். .இசட்01, .இசட்02 என்று போய் .ஜிப்பில் முடிந்தால் அது துண்டு போட்ட ஜிப். அதில் .ஜிப் என்பதுதான் கடைசித் துண்டு. ஆனாலும் திறக்க வேண்டியது அதைத்தான்.

பெயரில் ஒன்றும் புரியவில்லை என்றால் அளவைப் பாருங்கள். எல்லாத் துண்டும் ஒரே அளவாகவும் ஒன்று மட்டும் சிறியதாகவும் இருந்தால் சிறியது கடைசித் துண்டு. முதல் துண்டைக் கண்டுபிடிக்க ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பை பைட் பைட்டாகக் காட்டும் மென்பொருள்) திறந்து 32,769வது பைட் இடத்துக்குப் போங்கள். அங்கே சிடி001 என்ற ஐந்து எழுத்துகள் தெரிந்தால் அது ஐஎஸ்ஓ ஒன்றின் முதல் துண்டு, வெறும் கத்தரிப்பு வகை. பெயர் மாறிப்போன துண்டுகளுக்கு இந்தச் சோதனையை நான் முழுதாக நம்புவேன்.

4. சரி, .001 .002 துண்டுகளைச் சேர்க்க எளிய வழி எது?

விண்டோஸில் 7-ஜிப். எல்லாத் துண்டுகளையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, 7-ஜிப் ஃபைல் மேனேஜரில் .001 மேல் நின்று, ஃபைல் மெனுவில் கம்பைன் ஃபைல்ஸ் கொடுங்கள். வரிசையை அதுவே பார்த்துக்கொள்ளும். இலவசம், சிறியது, பத்திரமானது. துண்டுகளோடு வந்த .இஎக்ஸ்இ கோப்பை இயக்கிச் சேர்க்கச் சொன்னால், அது யார் கொடுத்தது என்று தெரியாத பட்சத்தில் தொடாதீர்கள். .பேட் கோப்பு வந்திருந்தால் அதை நோட்பேடில் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அடுத்த கேள்வியில் வரும் கட்டளைதான் உள்ளே இருக்கும், வரிசையும் அதிலேயே தெரியும்.

லினக்ஸிலும் மேக்கிலும் கேட் என்ற கட்டளை போதும். துண்டுகளின் பெயர்களை வரிசையாகக் கொடுத்து, பெரிது என்ற குறி போட்டு, புதிய ஐஎஸ்ஓவின் பெயரைக் கொடுக்க வேண்டும். நட்சத்திரக் குறி போட்டால் அகர வரிசையில் எடுத்துக்கொள்ளும். 001, 002 என்று சுழியோடு இருந்தால் சரியாக வரும். வெறும் 1, 2 ... 10 என்று இருந்தால் 1-க்குப் பிறகு 10 வந்து நின்றுவிடும். அப்போது பெயர்களைக் கையால் எழுதுங்கள்.

5. காப்பி கட்டளையில் சேர்த்தேன், ஃபைல் சில கேபி மட்டும் வந்தது. ஏன்?

சாய்கோடு போட்டு பி என்ற எழுத்தைச் சேர்க்க மறந்திருப்பீர்கள். கமாண்ட் பிராம்ப்ட்டில் (விண்டோஸில் கட்டளைகளைத் தட்டும் ஜன்னல்) முறை இது: காப்பி, இடைவெளி, சாய்கோடு பி, இடைவெளி, பிறகு துண்டுகளின் பெயர்கள் கூட்டல் குறியால் இணைத்து, இடைவெளி, கடைசியில் புதிய கோப்பின் பெயர். கூட்டல் குறி போட்டுச் சேர்க்கும்போது காப்பி கட்டளை கோப்புகளை எழுத்துக் கோப்பாக எண்ணிக்கொள்ளும். எழுத்துக் கோப்பில் 26 என்ற மதிப்புள்ள பைட் வந்தால் அதுவே முடிவு என்று நிறுத்திவிடும். டிஸ்க் இமேஜில் அந்த பைட் எங்கு வேண்டுமானாலும் வரும். சாய்கோடு பி போட்டால் எல்லாவற்றையும் பைனரியாக, கடைசி பைட் வரை எடுக்கும்.

இதில் நட்சத்திரக் குறியை நான் பரிந்துரைப்பதில்லை. என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிரைவில் (விண்டோஸ் கணினியின் ஹார்ட்டிஸ்க் பெரும்பாலும் இதுதான்) பெயர் வரிசையில் வரும். ஃபேட்32 பென்டிரைவில் கோப்புகள் பதிவான வரிசையில் வரும். நீங்கள் மூன்றாம் துண்டை முதலில் காப்பி செய்திருந்தால் அதுதான் முதலில் போய் ஒட்டும்.

6. சாய்கோடு பி போட்டேன், ஆனாலும் சிவப்பு எழுத்தில் பிழை காட்டுகிறதே?

நீங்கள் திறந்திருப்பது பவர்ஷெல், விண்டோஸின் இன்னொரு கட்டளை ஜன்னல். விண்டோஸ் 11இல் டெர்மினலைத் திறந்தால் பொதுவாக அதுதான் வரும். அங்கே காப்பி என்பது வேறு ஒரு கட்டளையின் சுருக்கப் பெயர். அதற்கு சாய்கோடு பி புரியாது. சிஎம்டி என்று தட்டி என்டர் அழுத்துங்கள். பழைய கமாண்ட் பிராம்ப்ட் அதே ஜன்னலில் வந்துவிடும். பிறகு 5வது பதிலில் சொன்னபடி தொடருங்கள்.

7. ரார் துண்டுகளை ஒவ்வொன்றாக எக்ஸ்ட்ராக்ட் செய்தேன். ஒவ்வொரு முறையும் அதே ஐஎஸ்ஓவை ரீப்ளேஸ் செய்யவா என்று கேட்கிறது.

ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டாம். எல்லாத் துண்டுகளும் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும், முதல் துண்டை மட்டும் எக்ஸ்ட்ராக்ட் செய்யுங்கள். மீதியை மென்பொருளே தேடி எடுத்துக்கொள்ளும். பெயரை மாற்றினாலோ, பிரவுசர் கடைசியில் அடைப்புக்குறிக்குள் 1 என்று சேர்த்திருந்தாலோ அடுத்த துண்டு எங்கே என்று கேட்டு நிற்கும். பெயரைத் திருத்தினால் சரியாகிவிடும்.

8. ஏ.ஜிப், பி.ஜிப், சி.ஜிப் என்று இருக்கிறது. ஒவ்வொன்றும் தனியாகவே திறக்கிறது. இது என்ன வகை?

இது இரண்டு அடுக்கு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் சோலாரிஸ் 10 இயங்குதளத்தின் டிவிடி இமேஜை இப்படித்தான் கொடுத்தது. ஐஎஸ்ஓவை முதலில் கத்தரித்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனி ஜிப்பாக்கியிருந்தார்கள். எனவே முதலில் எல்லா ஜிப்பையும் விரியுங்கள். உள்ளிருந்து வரும் துண்டுகளை ஏ, பி, சி வரிசையில் 4 அல்லது 5வது பதிலின்படி ஒட்டுங்கள். ஜிப்புகளையே நேராக ஒட்டிவிட்டு, ஐஎஸ்ஓ திறக்கவில்லை என்று வருபவர்கள் அதிகம்.

9. டிஸ்க்1.ஐஎஸ்ஓ, டிஸ்க்2.ஐஎஸ்ஓ, டிஸ்க்3.ஐஎஸ்ஓ இருக்கிறது. மூன்றையும் சேர்த்து ஒரே டிவிடி ஆக்கலாமா?

கூடாது. இவை துண்டுகள் அல்ல, மூன்று முழு டிஸ்குகள். 2003இல் வந்த ரெட் ஹேட் லினக்ஸ் 9 இப்படி மூன்று நிறுவல் சிடிகளாக வந்தது. முதல் சிடியில் பூட் செய்து, கேட்கும்போது அடுத்ததைப் போட வேண்டும். மூன்று இமேஜையும் ஒட்டினால் முதல் டிஸ்க் மட்டும்தான் தெரியும், மீதி இரண்டும் பின்னால் பயனில்லாமல் கிடக்கும். சந்தேகம் இருந்தால் 3வது பதிலில் சொன்ன சிடி001 சோதனையைச் செய்யுங்கள்: எல்லாக் கோப்பிலும் அது இருந்தால் அவை தனித்தனி டிஸ்குகள்.

10. டிஸ்கில் நிறைய இடம் இருக்கிறது, ஆனால் சேர்க்கும்போது இடம் இல்லை என்கிறது.

பென்டிரைவிலேயே வைத்துச் சேர்க்கிறீர்கள், அது ஃபேட்32. 1வது பதிலில் சொன்ன 4 ஜிபி வரம்பு குறுக்கே நிற்கிறது. துண்டுகளைக் கணினியின் ஹார்ட்டிஸ்குக்கு மாற்றிச் சேருங்கள். துண்டுகளும் முழுக் கோப்பும் ஒரே நேரத்தில் இருக்கும் என்பதால் இரண்டு மடங்கு இடம் வேண்டும்; .7இசட் வகை என்றால் இன்னும் ஒரு மடங்கு கூடுதலாக.

11. சேர்த்தது சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? திறந்து பார்த்தால் எல்லா ஃபோல்டரும் தெரிகிறதே?

ஃபோல்டர்கள் தெரிவது சாட்சி ஆகாது. 2வது பதிலில் சொன்ன பட்டியல் தொடக்கத்தில் இருப்பதால், கடைசித் துண்டு இல்லாவிட்டால்கூட எல்லாப் பெயர்களும் தெரியும். மவுண்ட்கூட ஆகிவிடலாம், அதாவது ஒரு டிரைவ் போலத் திறந்துவிடலாம். கடைசிப் பகுதியில் இருக்கும் கோப்பைத் திறக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

உறுதியான வழி ஹாஷ் பார்ப்பது. இமேஜைக் கொடுத்தவர் எம்டி5 அல்லது எஸ்ஹெச்ஏ-256 என்று ஒரு நீண்ட எண் கொடுத்திருந்தால், உங்கள் கோப்புக்கும் அதே எண் வர வேண்டும். விண்டோஸில் 7-ஜிப் இருந்தால் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து சிஆர்சி எஸ்ஹெச்ஏ என்ற மெனுவில் பார்க்கலாம்; விண்டோஸோடு வரும் செர்ட்யூட்டில் கட்டளையும் இதைச் செய்யும், எம்டி5 உட்பட. ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு வேறு என்று பொருள்.

ஹாஷ் கொடுக்கப்படவில்லையா? கத்தரிப்பு வகை என்றால் துண்டுகளின் பைட் கூட்டுத்தொகையும் முழுக் கோப்பின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ அளவு 2,048ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும், ஏனென்றால் ஒரு செக்டர் 2,048 பைட். பிறகு 7-ஜிப்பில் டெஸ்ட் கொடுங்கள். கோப்பு பாதியில் முடிந்திருந்தால் அது சொல்லிவிடும். ஆனால் நடுவில் சில பைட்டுகள் கெட்டிருந்தால் இந்த வழியில் தெரியாது. ஐஎஸ்ஓ அமைப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் சோதனை எண் கிடையாது.

12. ஐஎஸ்ஓவை டிவிடியில் போட்டேன். பிளேயர் படிக்கவில்லை, கணினியில் போட்டால் ஒரே ஒரு ஐஎஸ்ஓ ஃபைல் தெரிகிறது.

நீங்கள் இமேஜை ஒரு சாதாரணக் கோப்பாக டிஸ்கில் காப்பி செய்திருக்கிறீர்கள். இழுத்துப் போட்டு பர்ன் செய்தால் இப்படித்தான் ஆகும். இமேஜாக எழுத வேண்டும். விண்டோஸ் 7 முதல் ஐஎஸ்ஓவின் மேல் ரைட் கிளிக் செய்தால் பர்ன் டிஸ்க் இமேஜ் என்று வரும். வேறு மென்பொருளோடு அந்த எக்ஸ்டென்ஷன் இணைந்திருந்தால் அந்த வரி தெரியாது. ஓபன் வித் கொடுத்து விண்டோஸ் டிஸ்க் இமேஜ் பர்னரைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸில் கே3பி அல்லது பிரசேரோ. சரியாக எழுதிய வீடியோ டிவிடியைத் திறந்தால் வீடியோ டிஎஸ் என்ற ஃபோல்டர் தெரிய வேண்டும்.

விண்டோஸில் என் தேர்வு இன்னும் இம்ஜ்பர்ன்தான். அதன் 2.5.8 பதிப்பு 2013இல் வந்தது, அதற்குப் பிறகு புதிதில்லை. ஆனால் என்ன எழுதியது, எங்கே தடுமாறியது என்று அது காட்டும் விவரம் வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

13. டிவிடி 4.7 ஜிபி, என் ஐஎஸ்ஓ 4.5 ஜிபி. இடம் போதாது என்று ஏன் சொல்கிறது?

டிஸ்க் தயாரிப்பவர் ஒரு ஜிபியை 100 கோடி பைட்டாக எண்ணுகிறார். விண்டோஸ் 1,073,741,824 பைட்டாக எண்ணுகிறது. எனவே விண்டோஸ் கணக்கில் 4.7 ஜிபி டிவிடியில் சுமார் 4.37 ஜிபிதான் கொள்ளும். உங்கள் 4.5 ஜிபிக்கு 8.5 ஜிபி கொள்ளும் டூயல் லேயர் (இரண்டு அடுக்கு) டிஸ்க் தேவை.

14. அப்படியென்றால் 800 எம்பி .பின் ஃபைல் 700 எம்பி சிடியில் எப்படிப் போகிறது?

.பின் கோப்பில் ஒரு செக்டருக்கு 2,048 பைட் அல்ல, 2,352 பைட் இருக்கும். டேட்டாவோடு பிழை திருத்தும் பகுதியும் சேர்ந்தே எடுக்கப்பட்டிருக்கிறது. 80 நிமிட சிடியில் 3,60,000 செக்டர்கள். அதை 2,048ஆல் பெருக்கினால் 703 எம்பி, 2,352ஆல் பெருக்கினால் 807 எம்பி. டிஸ்க் ஒன்றுதான், எண்ணும் விதம்தான் வேறு. 11வது பதிலின் வகுத்தல் சோதனையையும் இதற்கு 2,352ஆல் செய்யுங்கள்.

எழுதும்போது திறக்க வேண்டியது .பின் அல்ல, கூடவே இருக்கும் சிறிய .கியூ கோப்பு. அது வெறும் எழுத்துக் கோப்பு, உள்ளே .பின் கோப்பின் பெயர் இருக்கும். பெயர் மாறியிருந்தால் நோட்பேடில் திருத்தலாம். டிராக் 01, டிராக் 02 என்று பல .பின் கோப்புகள் இருந்தால் ஒட்டிவிடாதீர்கள். அவை துண்டுகள் அல்ல, பாட்டும் டேட்டாவும் கலந்த சிடியின் தனித்தனி டிராக்குகள்.

15. .எம்டிஎஸ் என்று ஒன்றும் .ஐ00, .ஐ01 என்று சிலதும் இருக்கின்றன. எப்படிச் சேர்ப்பது?

சேர்க்கவே வேண்டாம். டிவிடி டிகிரிப்டர், இம்ஜ்பர்ன் போன்றவை பெரிய இமேஜை இப்படிப் பிரித்து வைக்கும். எந்தத் துண்டு எங்கே என்ற விவரம் .எம்டிஎஸ் கோப்பில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்து இம்ஜ்பர்னில் .எம்டிஎஸ்ஸைத் திறந்து நேராக எழுதலாம். டூயல் லேயர் டிஸ்கில் முதல் அடுக்கு எங்கே முடிய வேண்டும் என்ற குறிப்பும் அதில்தான் இருக்கும் என்பதால் அதைத் தொலைக்காதீர்கள்.

16. எந்த ஸ்பீடில் எழுதுவது? எழுதி முடித்த உடனே துண்டுகளை அழிக்கலாமா?

16எக்ஸ் டிஸ்க் என்றால் 8எக்ஸில் எழுதுங்கள். மிகக் குறைந்த வேகம்தான் நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. இன்றைய டிஸ்குகள் அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல, 8எக்ஸ் நன்றாகவே வரும். எழுதிய பிறகு வெரிஃபை கட்டாயம். அது டிஸ்கைத் திரும்பப் படித்து இமேஜோடு ஒப்பிடும். 11வது பதிலின்படி ஹாஷ் சரியாக இருந்து வெரிஃபை மட்டும் தோற்றால் பழி டிஸ்கின் மேலோ டிரைவின் மேலோதான். வேறு கம்பெனி டிஸ்கில் முயலுங்கள். இரண்டும் தேறிய பிறகு துண்டுகளை அழிக்கலாம், ஆனால் சேர்த்த ஐஎஸ்ஓவை வைத்துக்கொள்ளுங்கள். எழுதிய டிஸ்க் காலப்போக்கில் கெடும்.

17. என் லேப்டாப்பில் டிவிடி டிரைவே இல்லை.

யுஎஸ்பியில் செருகும் வெளி டிவிடி ரைட்டர் கிடைக்கும். ஆனால் எழுதுவதன் நோக்கத்தை ஒருமுறை யோசியுங்கள். உள்ளே இருப்பதைப் பார்க்க மட்டும் என்றால் விண்டோஸ் 8 முதல் ஐஎஸ்ஓவை இரட்டை கிளிக் செய்தால் ஒரு டிரைவ் போலத் திறக்கும். இயங்குதளம் நிறுவ என்றால் ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் பென்டிரைவில் எழுதுங்கள். டிவிடி பிளேயரில் போட்டுப் பார்க்கவோ, யுஎஸ்பியில் பூட் ஆகாத பழைய கணினிக்கோ மட்டும்தான் டிஸ்க் உண்மையில் தேவை.

18. கல்யாண டிவிடியின் எட்டுத் துண்டில் ஐந்தாவது மட்டும் கெட்டுவிட்டது. மீதியாவது கிடைக்குமா?

ரார் வகை என்றால் முதலில் .ரெவ் அல்லது .பார்2 என்று முடியும் கோப்புகள் கூட இருக்கின்றனவா என்று தேடுங்கள். அவை காணாமல்போன துண்டை மறுபடி உருவாக்குவதற்கென்றே செய்யப்பட்டவை. அவை இல்லையென்றால் வின்ராரில் கீப் புரோக்கன் ஃபைல்ஸ் என்பதைத் தேர்வு செய்து எக்ஸ்ட்ராக்ட் செய்யுங்கள். முதல் நான்கு துண்டுகள் அளவுக்காவது ஒரு பாதி ஐஎஸ்ஓ வரும்.

வெறும் கத்தரிப்பு வகை என்றால் நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஐந்தாவதை விட்டுவிட்டு ஒட்டாதீர்கள். அப்படிச் செய்தால் பின்னால் இருக்கும் எல்லாமே இடம் மாறிவிடும். அதற்குப் பதில், மற்றத் துண்டுகளின் அதே பைட் அளவில் சுழியால் நிரம்பிய ஒரு போலித் துண்டை உருவாக்குங்கள். புத்தகத்தில் கிழிந்த தாளுக்குப் பதில் வெற்றுத்தாள் செருகினால் பின்னால் வரும் பக்கங்கள் தங்கள் இடத்திலேயே இருப்பது போலத்தான் இது. விண்டோஸில் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் எஃப்எஸ்யூட்டில் ஃபைல் கிரியேட்நியூ என்ற கட்டளைக்குப் பெயரும் பைட் எண்ணிக்கையும் கொடுத்தால் அது உருவாகும். லினக்ஸில் டிரங்கேட் கட்டளை. அதற்கு ஐந்தாவது துண்டின் பெயரை வைத்து எட்டையும் ஒட்டுங்கள்.

இந்த ஐஎஸ்ஓவை டிஸ்கில் எழுத வேண்டாம். மவுண்ட் செய்து, வீடியோ டிஎஸ் ஃபோல்டரை ஹார்ட்டிஸ்குக்குக் காப்பி செய்யுங்கள். வீடியோ டிவிடியில் படம் அதிகபட்சம் 1 ஜிபி கொண்ட .விஓபி கோப்புகளாக இருக்கும். ஐந்தாவது துண்டின் எல்லைக்குள் வரும் ஓரிரு கோப்புகளில் மட்டும்தான் படம் அறுந்திருக்கும்; விஎல்சி பிளேயரில் போட்டு அந்த இடத்தைத் தாண்டி நகர்த்தினால் மீதி ஓடும். கெட்டது முதல் துண்டாக இருந்தால் பட்டியலே போய்விடும், இந்த வழி உதவாது. அப்போது மற்றத் துண்டுகளை வரிசையாக ஒட்டி, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளிடம் கொடுங்கள். அது பெயர்களைப் பார்க்காது, உள்ளடக்கத்தை வைத்து வீடியோவைத் தேடி எடுக்கும். கோப்புப் பெயர்களையும் வரிசையையும் நீங்கள்தான் பார்த்துப் பார்த்து அமைக்க வேண்டியிருக்கும்.